சேலத்தில் ஆலா பார்க்கவும் எண்ணவும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான்" என்று யாரையாவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆலா ஒரு பறவை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே தலையைக் குனிந்தபடி போகும், திரும்பும், மறுபடி அதே வழியில் வரும், லேசில் உட்காராது. அந்தச் சொலவடை இந்தப் பறவையிலிருந்துதான் வந்தது என்பார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் ஒரு மாலை நின்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆலாக்களும் கடற்காகங்களும் ஒரே குடும்பம். கோடியக்கரை, தனுஷ்கோடி, பழவேற்காடு பக்கம் போனால் அந்தக் குடும்பத்தில் பல வகைகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். நமக்குக் கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் இந்தக் குடும்பத்தில் சில வகைகள் ஆற்றையும் ஏரியையும் அணையையும் வீடாக்கிக்கொண்டவை. அவை சேலம் மாவட்டத்தில் இருக்கின்றன. பைனாகுலர் இல்லாதவர், பத்துப் பறவையின் பெயர்கூடத் தெரியாதவர், கடற்கரைக்குப் போக நேரமில்லாதவர் எல்லோருக்கும் இந்தப் பறவையிலிருந்து தொடங்கலாம். வெட்டவெளியில் பறக்கும், வெள்ளையாகத் தெரியும், இலைக்குள் ஒளிந்துகொண்டு உங்களைப் பாடாய்ப் படுத்தாது.

முதல் படி: ஏற்காடு ஏறி, கீழே இருக்கும் நீரைப் பாருங்கள்

ஆலா பார்க்க ஏற்காடு ஏறச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம். மலை மேலே இருக்கும் பெரிய ஏரியில் ஆலாவை எதிர்பார்க்காதீர்கள். சுற்றிலும் மரம், நடுவில் ஓயாத படகு, கரையில் எந்நேரமும் கூட்டம். தாழப் பறந்து மீன் தேடும் பறவைக்கு அது தோதான இடமில்லை. நான் போகச் சொல்வது லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பனி விலகியதும் போய் நில்லுங்கள். சேலம் நகரம் முழுதும் காலடியில் விரியும். கட்டடங்களுக்கு நடுவே கண்ணாடித் துண்டுகள் போல மின்னுகிறவை ஏரிகள். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே வெகுதூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும்.

மேலே பறந்து வரும் பறவைக்கு ஊர் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். எங்கே நீர் விரிந்து கிடக்கிறது, எதன் கரை வெறுமையாக இருக்கிறது, எந்த ஏரி ஆகாயத்தாமரை மூடிப் பச்சையாகிவிட்டது என்று ஒரு பார்வையில் புரியும். போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கியதும் மின்னிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஏரியின் பெயரை எழுதிப் பாருங்கள். ஊரின் நீர்நிலை வரைபடம் மனதில் பதிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: இரண்டே இரண்டு ஆலாவைப் பிரித்தறியப் பழகுங்கள்

புத்தகத்தில் இருக்கும் அத்தனை ஆலாவையும் படித்துக் குழம்ப வேண்டாம். சேலத்துக்கு ஆற்று ஆலா, மீசை ஆலா இரண்டும் போதும்.

ஆற்று ஆலா பெரியது, ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம். அலகு நல்ல மஞ்சள், பழுத்த எலுமிச்சை நிறம். கால் சிவப்பு, மிகக் குட்டை. இனப்பெருக்கக் காலத்தில் நெற்றியிலிருந்து பிடரி வரை கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். வால் இரண்டாகப் பிளந்து, இரு ஓரத்து இறகும் நீண்டு பின்னால் ஆடும். மற்ற மாதங்களில் தொப்பி வெளுத்து, அலகின் நுனி மட்டும் கறுத்திருக்கும். வருடம் முழுக்க நம் நாட்டிலேயே இருக்கும் பறவை இது.

மீசை ஆலா சிறியது, 25 சென்டிமீட்டரைச் சுற்றி. குளிர்கால விருந்தாளி, மழைக்காலத்தை ஒட்டி வந்து, சித்திரை பிறக்கும் சமயத்தில் கிளம்பத் தொடங்கும். குளிர்காலத்தில் அலகு கறுப்பு, கண்ணுக்குப் பின்னால் பிடரி வரை மை தீட்டியது போல ஒரு கோடு. வால் குட்டை, பிளவும் மேலோட்டம்தான். "மீசையே இல்லையே, ஏன் இந்தப் பெயர்?" என்று புதியவர்கள் கேட்பார்கள். பங்குனி வரை பொறுத்திருங்கள். கிளம்பும் முன்பு வயிறு கருஞ்சாம்பலாக மாறும், அலகு அடர்சிவப்பாகும், கன்னத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை தங்கும். அதுதான் மீசை.

நிறம் தெரியாத தூரத்தில் பறக்கும்போது என்ன செய்வது? மீன் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். இதை மட்டும் பழகிவிட்டால் பைனாகுலர் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். ஆற்று ஆலா உயரத்தில் நின்று இறக்கையை அடித்தபடி கீழே உற்றுப் பார்க்கும். அப்போது அலகு நேராகத் தண்ணீரை நோக்கியிருக்கும். பிறகு கல் விழுவதுபோல் விழும். தண்ணீர் தெறிக்கும். உடம்பை உதறிக்கொண்டு மேலே வரும்போது வாயில் வெள்ளியாக ஒரு பொடிமீன். மீசை ஆலா அப்படி விழுவது குறைவு. நீர்மட்டத்தை உரசுவதுபோல் தாழ்ந்து வந்து, அலகால் மட்டும் பூச்சியையோ குஞ்சு மீனையோ கொத்தி எடுத்துக்கொண்டு நனையாமல் போய்விடும். ஒன்று குளத்தில் குதிக்கும் பையன், இன்னொன்று போகிற போக்கில் மோர்ப் பானையில் விரலை விட்டுச் சுவைபார்க்கும் குழந்தை. இப்படி மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

அந்தரத்தில் நின்று இறக்கை அடிக்கும் இன்னொரு பறவை கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. அதுவும் செங்குத்தாக விழும். ஆனால் தலை பெரிது, வால் குட்டை, உடம்பெல்லாம் கறுப்புக் கோலம். ஒருமுறை இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. தடித்த கறுப்பு அலகோடு இன்னொரு வெள்ளை ஆலா குளிர்காலத்தில் தென்பட்டால் அது பருத்த அலகு ஆலாவாக இருக்கலாம். படம் எடுத்து வைத்து, தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது, எப்போது போவது

மீசை ஆலாவுக்குக் கார்த்திகை முதல் மாசி வரை நகர ஏரிகளே போதும். மூக்கனேரியில் தொடங்குவது நல்லது. 2010இல் ஊர் மக்கள் கைகோத்து மீட்ட ஏரி அது. தூர்வாரிய மண்ணைக் கொண்டு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்த மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் அடைகின்றன. ஆலா திறந்த நீர்ப்பரப்பின் மேல் மட்டுமே சுற்றும். ஏன் அது திட்டில் உட்காருவதில்லை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்; இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆற்று ஆலாவுக்குக் காவிரிக்குப் போக வேண்டும். எனக்குப் பிடித்த இடம் எடப்பாடி வட்டத்துப் பூலாம்பட்டி. மேட்டூரிலிருந்து இறங்கி வரும் காவிரி அங்கே மின்சாரத்துக்காகக் கட்டிய கதவணையில் தேங்கிக் கடல்போல் நிற்கிறது. அக்கரை ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை. இரண்டு கரைக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. ஆட்களோடு ஆளாகப் படகில் ஏறிப் போய்வாருங்கள். சந்தைக்குப் போகிறவர்கள், சைக்கிள், கீரைக்கட்டு, நடுவே நீங்கள், மேலே ஆலா. படகு கலக்கிவிடும் நீரில் பொடிமீன் மேலே வரும் என்று அதற்குத் தெரியும்.

மேட்டூர் என்றால் அணைப் பூங்காவோடு நின்றுவிடாதீர்கள். அணையை ஒட்டிய இடங்களில் காவல் உண்டு, கேமராவைத் தூக்கினால் கேள்வி வரும், அது நியாயமும்கூட. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போங்கள். 1934இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் உண்மையான விரிவு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி. கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் முழுகிக் கிடந்த பழைய ஊர்களின் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தலைநீட்டும். எல்லோரும் அவற்றைப் படம் எடுக்க வருவார்கள். நீங்கள் அவற்றைச் சுற்றி வெளிப்பட்டிருக்கும் மண் திட்டுகளைப் பாருங்கள்.

காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் வெயிலும் நீரின் கண்கூச்சமும் சேர்ந்து எதையும் சரியாகப் பார்க்கவிடாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். நீர் வற்றிய இடத்தில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. கரையை விட்டு இறங்காதீர்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் முதலையும் உண்டு.

நான்காம் படி: எண்ணுவது

பார்ப்பதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் எண்ணி எழுதாதது நாலு வருடத்தில் நினைவிலிருந்து அழிந்துவிடும். "அப்பல்லாம் நெறைய இருந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்லும்போது எத்தனை என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தக் குறையை நாம் அடுத்தவர்களுக்கு விட்டுச்செல்ல வேண்டாம்.

ஆலாவை எண்ணுவதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அது வலப்பக்கம் போகும், ஏரியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வரும். போனதை ஒன்று, வந்ததை இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் ஆறு பறவை அரைமணி நேரத்தில் நாற்பதாகிவிடும். நான் முதன்முதலில் எழுதிய பட்டியல்கள் அப்படிக் கெட்டுப்போனவை. பிறகு அவற்றை அடித்துவிட்டேன். சரியான முறை இது: ஒரே இடத்தில் நின்று, கண்ணை இடமிருந்து வலமாக ஒரே சீராக ஓட்டி, அந்த ஒரு ஓட்டத்தில் தெரிந்ததை மட்டும் எண்ணுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி. மணிக்கு ஐந்தாறு ஓட்டம் வரும். அவற்றில் எது அதிகமோ அதுவே உங்கள் எண்ணிக்கை. கூட்டக் கூடாது.

இன்னும் நல்ல வழி, உட்கார்ந்திருக்கும்போது எண்ணுவது. வலை கட்டிய மூங்கில் குச்சி, மிதவை, கவிழ்த்துப் போட்ட பரிசல், நீர் நடுவே துருத்திய பாறை, இவற்றில் ஆலாக்கள் வரிசையாக எல்லாம் ஒரே திசை பார்த்து அமரும். காற்று வரும் பக்கம்தான் முகம். அப்படி ஒரு வரிசை கிடைத்தால் அதைவிடத் துல்லியமான எண்ணிக்கை வேறில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானம், நீர்மட்டம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது, எண்ணிக்கை. ஒன்றுமே இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யம் எழுத எல்லோருக்கும் மனசு வராது. போன வாரம் பார்த்தோமே, எங்கேயாவது இருக்கும் என்று பக்கத்தை வெற்றாக விடுவோம். வெற்றுப் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு நீங்கள் போகவே இல்லை என்றுதான் அர்த்தம். போனீர்கள், ஒரு மணி நேரம் நின்றீர்கள், இல்லை என்பது பெரிய தகவல்.

வீட்டுக்கு வந்ததும் அதை, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். இலவசம், போனிலேயே செய்யலாம். பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணோடு சேர்த்துப் போட்டால்தான் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு. தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள். மாட்டுப் பொங்கலன்று காலை ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்து மாட்டைக் குளிப்பாட்டலாம், நேரம் இருக்கிறது.

ஐந்தாம் படி: இந்த வருடத்துக் குஞ்சைத் தனியாக எண்ணுங்கள்

நான் இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் படிக்காகத்தான்.

ஆற்று ஆலா பாகிஸ்தான் தொடங்கி இந்தியா, வங்கதேசம், மியான்மர் வழியாகக் கம்போடியா வரை பரவிய பறவை. பெரிய நீர்நிலைக்குப் போனால் நாலைந்தாவது கண்ணில் படும். அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மேகாங் ஆற்றுப் பகுதியில் அது மிக மிகக் குறைந்துவிட்டது. 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆற்று ஆலாவை, எந்த உயிரினத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் சிவப்புப் பட்டியலில், அழிவாய்ப்பு இனம் என்ற நிலைக்கு மாற்றியது. இதன் நெருங்கிய உறவான கருவயிற்று ஆலாவின் கதை இன்னும் வருத்தமானது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கு நாடுகளிலும் இப்போது அது இல்லை.

ஆலாக் குடும்பம் நீண்ட ஆயுள் கொண்டது. வளர்ந்த பறவை வருடக்கணக்கில் வாழும். ஓர் அணையில் ஐந்து வருடம் தொடர்ந்து ஒரு குஞ்சுகூடத் தேறாவிட்டாலும் அதே வயதான பறவைகள் அதே இடத்தில் பறந்துகொண்டிருக்கும். கரையில் நிற்பவருக்குக் குறை எதுவும் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட தெருவில் திண்ணைதோறும் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெரு நிறைந்திருக்கிறது என்று சொல்வது போலத்தான். ஒரு நாள் எல்லாத் திண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகும். அப்போது எண்ணத் தொடங்கி என்ன பயன்?

ஆகவே வைகாசி முடிந்து ஆவணி வரை, காவிரிப் பக்கம் போகும்போது ஒவ்வொரு ஆற்று ஆலாவின் முதுகையும் பாருங்கள். பெரிய பறவையின் முதுகு ஒரே சீரான சாம்பல். இந்த வருடத்துக் குஞ்சுக்கு முதுகில் பழுப்பு விளிம்பு வைத்த இறகுகள், மீன் செதில் அடுக்கியது போல. வால் இன்னும் நீளவில்லை, அலகின் மஞ்சள் மங்கல், நுனி கறுப்பு. பறக்கத் தெரிந்த பிறகும் தாய் தகப்பன் பின்னாலேயே கத்திக்கொண்டு சுற்றும், மீன் ஊட்டச் சொல்லும். அந்தக் கெஞ்சல் சத்தம் கேட்டாலே குஞ்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நோட்டில் இரண்டு எண் எழுதுங்கள்: மொத்தம் இத்தனை, அதில் குஞ்சு இத்தனை. இரண்டாவது எண்தான் அந்த வருடம் அவை முட்டையிடும் திட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும்.

ஆறாம் படி: தரையைப் பார்க்கப் பழகுங்கள், ஆள்காட்டியிடம் தொடங்குங்கள்

மரம் நட்ட திட்டில் ஏன் ஆலா உட்காருவதில்லை என்று கேட்டிருந்தோம். ஆற்று ஆலாவுக்குக் கட்டிய கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் மணலில், சரளையில், நெஞ்சை அழுத்திச் சுற்றிச் சுற்றி ஒரு சிறு பள்ளம் செய்யும். புல்லோ குச்சியோ வைக்காது. அதில் இரண்டு மூன்று முட்டை. சாம்பலும் பழுப்பும் கலந்து புள்ளியிட்ட முட்டை கூழாங்கல்லோடு கல்லாகக் கிடக்கும். மாசி முதல் வைகாசி வரை, ஆறும் அணையும் இறங்கி நடுவில் திட்டு வெளிப்படும் காலத்தில்தான் முட்டையிடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் நரியும் நாயும் வராது. மரம் இல்லாவிட்டால் காக்கையும் பருந்தும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும். மரம் அடர்ந்தால் அந்தத் திட்டு கொக்குக்கு வீடு, ஆலாவுக்கு இல்லை. கர்நாடகத்தில் பத்ரா அணையின் நடுத்திட்டுகளில் ஆற்று ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு வைப்பது பெயர்போனது.

ஆலாக் கூட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்குப் பதில் ஆள்காட்டிக் குருவியிடம் பாடம் கேளுங்கள். ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் கொடுத்த பனமரத்துப்பட்டி ஏரியின் காய்ந்த தரைக்கு ஒரு பங்குனி மாதம் போயிருந்தேன். ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே வந்து கத்தியது. பக்கத்தில் கூடு இருக்கிறது என்று புரிந்தது. புரிந்ததும் திரும்பியிருக்க வேண்டும். படம் எடுக்கும் ஆசையில் குனிந்து தேடிக்கொண்டே நடந்தேன். எவ்வளவு தேடியும் தெரியவில்லை. காலைத் தூக்கி வைக்கப் போன இடத்தில், செருப்பின் நிழல் விழுந்த பிறகுதான் கண்ணில் பட்டது: நாலு முட்டை, கூர்முனை நடுவில் சேர, சுற்றிலும் கிடந்த மண்கட்டியின் அதே நிறம். ஒரு விரற்கடை தள்ளிக் கால் இறங்கியிருந்தால் முடிந்தது. அப்படியே உறைந்து நின்று, வந்த காலடித் தடத்திலேயே பின்னுக்கு வந்தேன். வரப்பு மேல் போய் உட்கார்ந்து பார்த்தபோது அந்தப் பறவை உடனே திரும்பவில்லை. முதலில் மிச்சமிருந்த ஒரு குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு, ஈரத்தோடு வந்து முட்டைமேல் அமர்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதே என்று. நான் நின்ற நேரமெல்லாம் அந்த முட்டை வெயிலில் கிடந்திருக்கிறது.

பங்குனி வெயிலில் தரைக்கூட்டுப் பறவை அடைகாப்பது சூடேற்ற மட்டுமில்லை, நிழல் காட்டவும்தான். ஆலாவும் அப்படித்தான். நாம் கரையேறி நின்று "ஒரே ஒரு போட்டோ" எடுக்கும் பத்து நிமிடம், பெற்றோர் தலைக்கு மேலே கத்திக்கொண்டிருக்க, கீழே முட்டை வேகும். காக்கை காத்திருக்கும். ஆலாக்கள் திட்டுக்கு மேல் கூட்டமாக எழும்பிக் கத்தினாலோ, உங்கள் தலையை நோக்கிப் பாய்ந்தாலோ, ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பரிசலைத் திருப்புங்கள். எடுத்துவிட்ட படம் ஏதும் இருந்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் முட்டையைச் சேதப்படுத்துவதும் எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் அடங்கும்.

ஏழாம் படி: நம் கையால் ஆகக்கூடியது

ஆலாவின் எதிரி என்று ஒரே ஒருவரைக் காட்ட முடியாது. நீர்மட்டம் இறங்கினால் திட்டு வெளிப்படுகிறது. இன்னும் இறங்கினால் அதே திட்டு கரையோடு ஒட்டிக்கொள்கிறது. நேற்று வரை தீவு, இன்று ஆடு மேயும் தரை, நாளை நாய் வரும் வழி. கோடை மழையில் மேலே இருந்து திடீரென்று நீர் வந்தால் கூடு முழுகும். மணல் அள்ளும் இடத்தில் திட்டே இருக்காது. வழக்கமாக ஜூன் 12இல் டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும். அந்த நீர் உழவர்களுக்கு உயிர், அதைப் பறவைக்காக நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாயையும் மணல் லாரியையும் அறுந்த வலையையும் பற்றி நாம் செய்ய நிறைய இருக்கிறது.

கரையில் கிடக்கும் நைலான் வலைத் துண்டையும் தூண்டில் நரம்பையும் பார்த்தால் எடுத்து வந்துவிடுங்கள். காலில் சுற்றினால் பறவைக்கு அவிழ்க்கத் தெரியாது. தின்ற மிச்சத்தைக் கரையில் போடாதீர்கள். அதுதான் நாயையும் காக்கையையும் அங்கே குடியமர்த்துகிறது. திட்டில் மணல் அள்ளுவதையோ முட்டை பொறுக்குவதையோ பார்த்தால் நேரில் சண்டைக்குப் போகாமல் வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் தேதி, நேரம், இடத்தோடு எழுதிக் கொடுங்கள். உங்கள் மூன்று வருட நோட்டுப் புத்தகம் அப்போது கைகொடுக்கும். ஏரியில் திட்டு அமைக்கும் திட்டம் உங்கள் ஊரில் வந்தால், எல்லாத் திட்டிலும் மரம் நடாமல் ஒன்றிரண்டை வெறும் சரளையாக விடச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்க ஆள் இல்லாததால்தான் எல்லா இடத்திலும் மரம் நடுகிறார்கள்.

வங்கக் கடலில் புயல் கரை கடந்த மறுநாள் மட்டும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஏரிக்குப் போங்கள். காற்றில் அடித்துவரப்பட்ட கடற்பறவைகள் உள்நாட்டு நீரில் ஒதுங்குவதுண்டு. தரையில் சோர்ந்து கிடக்கும் பறவை கிடைத்தால் காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில், இருட்டில், அமைதியாக வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துவிடும். உடனே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், மீன் பிடிக்கிறவர்களிடம் பேசுங்கள். நாம் மாதத்துக்கு ஒரு நாள் போகிறோம், அவர்கள் தினமும் விடியற்காலை அங்கே இருக்கிறார்கள். பறவையின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், மீனைப் பற்றிக் கேளுங்கள். பூலாம்பட்டியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அப்படித்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏனுங்க, இன்னிக்கு மீன் பாடு எப்படிங்க?"

"பரவால்லீங்க தம்பி. ஜிலேபிதான் ஜாஸ்தி. அந்தா அந்த வெள்ளக் குருவி சுத்துது பாருங்க, அது சுத்துற எடத்துல பொடிமீனு மேல வருதுன்னு அர்த்தம். அதப் பாத்துட்டுத்தான் வலைய எடுப்போம்."

"அது குஞ்சு பொரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் வலையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டை பாத்ததில்லீங்க. ஆனா ஆடி பொறந்து ஒரு வாரம் இருக்கும், தாய் ஒன்னு மீனக் கவ்விக்கிட்டுப் போகுது, பின்னாடியே ரெண்டு பொடுசு, முதுகெல்லாம் பொரிப்பொரியா, கத்திக்கிட்டே போகுதுங்க. மூனு நாளு அதே எடத்துல பாத்தேன்."

நோட்டை எடுத்து, அவர் சொன்ன நாளைப் போட்டு, "மீனவர் சொன்னது" என்று ஓரத்தில் குறித்து, குஞ்சு 2 என்று எழுதிக்கொண்டேன்.